மென்ற சோறு

முதல் நாள் வளர்மதி சோற்றை மென்று உள்ளங்கையில் எடுத்தபோது, குழந்தையின் தாய் சம்யுக்தா எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். கோயம்புத்தூர் ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் இருந்த அந்தப் பெரிய வீட்டின் சாப்பாட்டு அறையில் மற்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்கள். சம்யுக்தாவின் கணவன் கௌசிக் செல்போனைப் பார்த்தான். மாமனார் சென்னியப்பன், நூற்பாலை முதலாளி, சுவரைப் பார்த்தார். டாக்டர் குலசேகரன் மட்டும், சூடு ஆறுவதற்குள் ஊட்டிவிடச் சொன்னார்.

வளர்மதி குழந்தையின் நாற்காலி முன்னால் மண்டியிட்டாள். ஆதவுக்குப் பத்து மாதம். அருவருப்பு என்பது அவனுக்கு இன்னும் யாரும் கற்றுத்தராத விஷயம். நெய்யும் பருப்பும் சேர்ந்த அந்த மசியலை நாக்கால் துழாவி விழுங்கிவிட்டு, இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தான்.

"போதும்" என்றார் சென்னியப்பன். "இந்தப் பொண்ணப் பின்னால கூட்டிட்டுப் போங்க."

அந்த வீட்டில் இரண்டு சாவு விழுந்திருந்தது. கௌசிக்கின் அண்ணன் முப்பது வயதைத் தாண்டிய கையோடு இரைப்பைப் புற்றுநோயில் போனான். ஆண்டு திரும்புவதற்குள் தாயாரும் அதே நோயில் போனார். ஊரில் பாதி வீடுகளின் கதை அப்போது அப்படித்தான் இருந்தது. வசதியான வீடுகளில் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. அது ஏன் என்று சென்னியப்பனுக்கு விளங்கவில்லை. இத்தனை படித்தும் ஒரு மாத்திரை கண்டுபிடிக்க முடியவில்லையா என்று டாக்டரிடம் கோபப்பட்டார்.

"மாத்திரைதாங்க கெடுத்துச்சு" என்றார் டாக்டர். "இந்த வயித்துக் கிருமி மனுசனோட காலங்காலமா இருக்கறதுதான். ஆனா எல்லாம் ஒரே வகை இல்ல. ஒரு வகைக்கு ஊசி மாதிரி ஒரு உறுப்பு இருக்கும். அத வயித்துச் சுவத்துல குத்தி விஷத்த உள்ள எறக்கிரும். இன்னொரு வகைக்கு அந்த ஊசியே கிடையாது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகும். நாம வகை பாக்காம மாத்திரை போட்டு எல்லாத்தையும் அழிச்சோம். சாதுவெல்லாம் செத்துப் போச்சு. மாத்திரைக்கு மசியாத ஊசிதான் மிச்சம். இப்ப எடம் காலியா இருக்கற வயிறு எதுவோ அங்க வந்து அது உக்காந்துக்குது."

அந்த இடத்தில் சாதுவை முன்கூட்டியே உட்கார வைப்பது ஒன்றுதான் வழி என்று அவர் விளக்கினார். மூன்று வயதுக்குள் உட்கார்ந்துவிட்டால் அது இன்னொன்றை அண்டவிடாது. ஆய்வகத்தில் வளர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கண்ணாடித் தட்டில் கொஞ்ச காலம் வளர்ந்ததுமே அந்தக் கிருமி வயிற்றுச் சுவரைப் பற்றிக்கொள்ள மறந்துவிடுகிறது. உயிருள்ள ஒருவரின் வாயிலிருந்து சோற்றோடு சேர்ந்து, மாதக்கணக்கில், விடாமல் போனால்தான் பிடிக்கிறது. மாத்திரையும் மருத்துவமனையும் எட்டாமல் போன மலைத் தோட்டங்களில் பழைய சாது வகை இன்னும் சில குடும்பங்களில் இருந்தது. அங்கிருந்து பெண்களை அழைத்து வருவதற்கென்றே ஏஜென்சிகள் கிளம்பின.

சென்னியப்பன் கேட்ட ஒரே கேள்வி, வரப்போகிறவள் எந்தச் சாதி என்பது.

"நாங்க கிருமிக்குத்தாங்க வகை பாக்கறோம்" என்றார் டாக்டர்.

ஏஜென்சி அந்தப் பெண்களை ஊட்டுநர் என்றது. ஊர் எச்சில்காரி என்றது. வால்பாறைத் தோட்டத்தில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த வளர்மதிக்கு அந்தச் சொல் காதில் விழாமல் இல்லை. அவள் கணவன் ஞானமுத்துவுக்கு இதில் இஷ்டமே கிடையாது. தோட்டம் பாதி மூடிக்கிடந்தது, வேலை வாரத்தில் சில நாள்தான் என்பதால் பேசாமல் இருந்தான். மகள் தூயாவுக்கு ஆதவைவிட ஒரு மாதம் குறைவு. அவளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வளர்மதி கிளம்பினாள். ஒப்பந்தப்படி, வேலை முடியும்வரை வேறு எந்த வாயும் அவள் வாய்ப்பட்டதைத் தொடக்கூடாது. சொந்தக் குழந்தையை முத்தமிடவும் கூடாது. மற்ற வாய்களிலிருந்து ஏதாவது தொற்றிக்கொண்டால் வகை கலந்துவிடும் என்பது காரணம். வேலை முடிந்து ஊருக்குப் போனதும் தூயாவுக்கு ஊட்டிக்கொள்ளலாம், காலம் இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் பழைய டிரைவர் அறையை அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். அவளுக்கென்று தனித் தட்டு, தனித் தம்ளர். அவற்றை வேலைக்காரர்களும் தொடுவதில்லை. அவள் வாயிலிருந்து வருவது முதலாளி வீட்டுப் பேரனின் உயிரைக் காக்கும் மருந்து என்பதும், அவள் குடித்த தம்ளர் தீட்டு என்பதும் அந்த வீட்டில் ஒரே சமயத்தில் உண்மையாக இருந்தன. யாருக்கும் அது முரணாகத் தோன்றவில்லை.

சம்யுக்தா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு, இனி இந்தக் காட்சியைத் தன் கண்ணால் பார்க்க முடியாது என்று கணவனிடம் சொன்னாள். வளர்மதி பின்கட்டிலேயே மென்று, மூடி போட்ட கிண்ணத்தில் கொடுத்துவிட வேண்டும். மாடியில் குழந்தையின் அறையில் தானே ஊட்டிக்கொள்வாள். டாக்டர் உடனுக்குடன் ஊட்டினால் பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார். வளர்மதியிடம் யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள்.

"மேடம், நான் ஊட்டினா தம்பி நல்லா சாப்பிடுறான். பழகிட்டான்."

"அவன் உன்கிட்ட பழக வேண்டாம்" என்றாள் சம்யுக்தா. "உன் வேல மெல்றது. ஊட்டறது என் வேல."

அதற்குப் பிறகு வளர்மதி குழந்தையைப் பார்ப்பதே அரிதாயிற்று. மூன்று வேளையும் மென்று கிண்ணத்தில் வைப்பாள். சம்யுக்தா வாசலுக்கு வெளியே நின்று, கையுறை போட்ட கையால் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போவாள். இருவருக்கும் இடையில் பேச்சு இல்லை. ஒருநாள் குழம்பில் காரம் கூடியிருக்கிறதே, குழந்தைக்கு ஒத்துக்கொண்டதா என்று வளர்மதி கேட்டதற்கு, சம்யுக்தா பதில் சொல்லாமல் போய்விட்டாள்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஞானமுத்து போனில் அழைத்தான். தோட்டத்துப் பழைய பங்களாவை விடுதியாக்கி, வெளியூரிலிருந்து சமையல் ஆட்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு ஊசி. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வரிசையாகச் சோதித்ததில், இரண்டு குழந்தைகளுக்கு ஊசி உட்கார்ந்துவிட்டது தெரிந்தது. தூயாவின் வயிறு இன்னும் காலிதான். அவளை அந்தச் சமையல்காரரின் மனைவி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பன்னைக் கடித்து ஊட்டியதை நாத்தனாரே பார்த்திருக்கிறாள்.

வளர்மதி அன்று மதியம் மெல்லவில்லை. தட்டைத் தொடாமல் சென்னியப்பனைப் பார்க்க வேண்டும் என்றாள். முன்வாசல் பக்கம் அவள் வந்தது அதுதான் முதல் தரம்.

தன் மகளை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும், தினமும் அவளுக்கும் ஊட்ட வேண்டும் என்று கேட்டாள். இல்லையென்றால் ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். சென்னியப்பன் ஒப்பந்தத்தை நினைவூட்டினார். போனால் போலீஸ் கூட்டிக்கொண்டு வரும் என்றார். போகவில்லை என்றாள் அவள். இங்கேயேதான் இருப்பேன். ஆனால் மெல்ல மாட்டேன்.

அவர் சிரித்தார். "எம் மில்லுல எத்தனையோ பேரு வேலநிறுத்தம் பண்ணிருக்காங்க அம்மிணி. கேட்டச் சாத்தினேன். வயிறு காஞ்சதும் எல்லாரும் திரும்பி வந்தாங்க. நீ ஒருத்தி."

"மில்லு வேறங்க ஐயா" என்றாள் வளர்மதி. "இது என் வாய்."

முதலில் மிரட்டினார்கள். பிறகு அவளுக்குச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். அப்புறம்தான் டாக்டர் வந்து, பட்டினி கிடந்தால் வயிற்றில் இருக்கும் வகையே பலவீனமாகிவிடும், இதுவரை ஊட்டியதும் வீணாகும் என்று தலையில் அடித்துக்கொண்டார். மெல்லு என்று யாரையும் கட்டிவைத்து மெல்ல வைக்க முடியாது. அதைச் சென்னியப்பன் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நாள் பிடித்தது. கடைசியில் கார் வால்பாறைக்குப் போய் நாத்தனாரையும் தூயாவையும் ஏற்றிக்கொண்டு வந்தது. நாத்தனார் குழந்தையை இறக்கி விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

தூயா முதலில் தாயை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வீறிட்டு அழுதாள். வளர்மதி டிரைவர் அறை வாசலில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, சோற்றை மென்று தன் விரலால் அவள் உதட்டில் தடவினாள். அழுகை நின்றது. மாடி ஜன்னலில் சம்யுக்தா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்மதி நிமிர்ந்தபோது திரை விழுந்தது.

இப்படியே சில மாதம் ஓடியது. தூயா நடக்கத் தொடங்கினாள். ஆதவும் மாடியில் எங்கோ நடந்துகொண்டிருந்தான், காலடிச் சத்தம் மட்டும் கீழே கேட்கும்.

சோதனைக்கு டாக்டர் தானே வந்திருந்தார். குழந்தையின் மூச்சைப் பையில் பிடித்து, வாயில் ஒரு நூலை விட்டு எடுத்து, கருவியில் வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார். ஆதவின் வயிறு காலி. ஊசியும் இல்லை, சாதுவும் இல்லை. இத்தனை மாதம் ஊட்டியதன் சுவடே இல்லை. அவர் சந்தேகப்பட்டு, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த தூயாவையும் சோதித்தார். அவள் வயிற்றில் தாயின் வகை நன்றாகப் பிடித்து உட்கார்ந்திருந்தது.

கௌசிக் அதுவரை வளர்மதியிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று அவன்தான் கத்தினான். தன் குழந்தைக்கு மென்று கொடுத்துவிட்டு, எங்கள் குழந்தைக்கு மிக்ஸியில் அடித்துக் கொடுத்திருக்கிறாள் என்றான். சென்னியப்பன் போலீசுக்குப் போன் செய்யச் சொன்னார்.

வளர்மதி யாரையும் பார்க்காமல் சம்யுக்தாவை மட்டும் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மூடி போட்ட கிண்ணம், வாங்கிக்கொண்டு போகும் கையுறைக் கை, தாழிட்ட மாடி அறை.

"நான் மூணு வேளையும் மென்னு குடுத்தேன்" என்றாள். "அது தம்பி வாய்க்குப் போச்சா, வேற எங்க போச்சுன்னு அவங்கள கேளுங்க."

"பெத்தவ நான்" என்றாள் சம்யுக்தா. "எம் புள்ள சாகட்டும்னு நானா நினைப்பேன்?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. போலீஸ் ஜீப் வந்தது.

குழந்தைக்கு ஊட்டுவதாக ஏமாற்றுவது கொலைமுயற்சிக்குச் சமம் என்று அப்போது சட்டம் இருந்தது. வளர்மதி தூயாவோடு சிறையில் இருந்தாள். அரசுத் தரப்பு வக்கீல் தூயாவின் சோதனை முடிவையே சாட்சியாக்கினார். இவள் வாயில் வகை இருந்திருக்கிறது, சொந்தக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறாள், அடுத்தவர் குழந்தைக்கு மறுத்திருக்கிறாள், வேறென்ன வேண்டும் என்று கேட்டார். சில மாதம் கழித்துத்தான் ஞானமுத்துவால் அவளை ஜாமீனில் எடுக்க முடிந்தது.

ஊர் திரும்பினால் அங்கே வேறு பகை காத்திருந்தது. வளர்மதியின் வழக்கைக் காரணம் காட்டி ஏஜென்சி அந்தத் தோட்டத்துப் பெண்கள் அனைவரையும் நீக்கிவிட்டது. பம்பு வரிசையில் அவள் குடத்தை வைத்தால் அடுத்த குடம் தள்ளி வைக்கப்பட்டது. பக்கத்து லைன் செல்வராணி, முகத்துக்கு நேராகவே சொன்னாள். உன் பிள்ளைக்கு ஆசைப்பட்டு எங்கள் பிள்ளைகள் வாயில் மண்ணைப் போட்டாயே என்றாள். ஞானமுத்து அவளோடு சண்டைக்குப் போனான். வளர்மதி தடுக்கவில்லை, பேசவும் இல்லை. தான் ஏமாற்றவில்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டிருந்தது.

ஆதவுக்கு இரண்டு வயது தாண்டிய சமயத்தில், ஒரு காலை, சம்யுக்தா தனியாக வந்தாள். வாடகை ஜீப்பைச் சாலையிலேயே நிறுத்திவிட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேயிலைச் சரிவில் நடந்து இறங்கினாள். செருப்பெல்லாம் சேறு. வளர்மதி வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தூயா பக்கத்தில் நின்று வர்க்கி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வராத" என்றாள் வளர்மதி. "அங்கேயே நில்லு."

சம்யுக்தா நின்றாள். குழந்தையை இறக்கிவிட்டாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது, ஆனால் கோவையாக வரவில்லை. கௌசிக்குக்கு ஊசி வந்துவிட்டது. அந்த வீட்டில் இனி ஆதவ் இருக்க முடியாது. வேறு ஊட்டுநர் தேடினார்கள், ஒருத்தியும் வர மாட்டேன் என்கிறாள். அந்த வீட்டுக்குப் போனால் ஜெயில் என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"நீங்கதான் ஊட்டணும்" என்றாள். இதுநாள்வரை அவள் வளர்மதியை நீங்கள் என்று சொன்னதில்லை.

"நான் மென்னு குடுத்தத என்ன செஞ்ச?"

வாஷ்பேசினில் கொட்டினேன் என்றாள் சம்யுக்தா. "தினமும் நாளைக்குக் குடுத்துரலாம்னு நினைப்பேன். மூடியத் தொறப்பேன். அந்த வாடை வரும். என்னால முடியல. தண்ணியத் தொறந்து விட்டுட்டு, பேசின நானே தேச்சுக் கழுவுவேன். அப்புறம் உங்க பொண்ணு வந்தா. நீங்க அவளுக்கு ஊட்டறதப் பாத்தேன். உங்க சோத்துல எம் புள்ள வளந்தா, அவன் எனக்கு என்ன ஆவான்னு தோணிருச்சு."

"இதக் கோர்ட்டுல வந்து சொல்லு."

"சொன்னா என்னை வீட்டுல சேக்க மாட்டாங்க."

"என்னை எங்க சேத்தாங்க?" என்றாள் வளர்மதி. "எம் புள்ள ஜெயில்லதான் பேசக் கத்துக்கிச்சு. மொதல்ல பேசின வார்த்த என்ன தெரியுமா? கதவு."

சம்யுக்தா, முதலில் ஊட்டுங்கள், பிறகு வந்து சொல்கிறேன் என்றாள். வளர்மதி, முதலில் சொல், பிறகு ஊட்டுகிறேன் என்றாள். யாரும் யாரையும் நம்புவதாக இல்லை. அக்கம்பக்கத்தில் கதவுகள் திறந்தன. செல்வராணி வெளியே வந்து கைகட்டி நின்றாள்.

அந்த நேரத்தில் தூயா, தன் வாயில் ஊறிக்கொண்டிருந்த வர்க்கியை எடுத்தாள். ஆதவ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் இரண்டு அடி நடந்துபோய் அதை அவன் வாயில் திணித்தாள். அவன் சப்பத் தொடங்கினான்.

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். சம்யுக்தா அசையாமல் நின்றாள். கேட்டு வந்த வகை தூயாவின் எச்சிலோடு கேட்காமலே கிடைத்துக்கொண்டிருந்தது. அது வளர்மதிக்கும் புரிந்தது. தன்னிடம் மிச்சமிருந்த ஒரே பிடியும் ஒரு வர்க்கித் துண்டில் கரைந்து போய்க்கொண்டிருப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். எழுந்து போய்க் குழந்தையின் வாயிலிருந்து அதைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். தூயாவைக் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் தள்ளினாள். இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் அழுதன. செய்தது பிள்ளை வயிற்றில் அடிக்கிற காரியம் என்று வளர்மதிக்குத் தெரியும். ஆனாலும் திரும்ப எடுத்துக் கொடுக்கவில்லை.

சம்யுக்தா குனிந்தாள். சேற்றில் கிடந்த வர்க்கியை எடுத்து, மண்ணை மட்டும் விரலால் வழித்தாள். எச்சில் ஊறிய பக்கத்தைத் துடைக்காமல் அப்படியே மகன் வாயில் வைத்தாள்.

ஆதவ் மறுபடி சப்பத் தொடங்கினான்.

"ஒரு வாய் பத்தாது" என்றாள் வளர்மதி. "மாசக்கணக்காப் போகணும். டாக்டர் உனக்கும்தான் சொன்னாரு. கோர்ட்டுல சொல்லிட்டு வா."

சம்யுக்தா போய்விட்டாள். வரமாட்டாள் என்றுதான் ஞானமுத்து நினைத்தான். ஆனால் அடுத்த வாய்தாவில் அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். கிண்ணத்தில் வந்ததை எல்லாம் கொட்டியது தான்தான் என்றாள். நீதிபதி ஏன் என்று கேட்டார். அருவருப்பாக இருந்தது என்றாள். படித்தவர்தானே நீங்கள், குழந்தையின் உயிர் என்று தெரியாதா என்று அவர் திரும்பக் கேட்டதற்கு, தெரியும், தெரிந்தும் அருவருப்பாக இருந்தது என்றாள். சென்னியப்பன் பாதியிலேயே எழுந்து வெளியே போனார். மருமகளுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கௌசிக் தலை குனிந்தபடி அப்பாவின் பின்னால் போனான். ஊசி இருக்கும் தகப்பனிடம் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை விடக்கூடாது என்று சட்டம் இருந்ததால், ஆதவ் மட்டும் அவளிடம் மிஞ்சினான்.

வளர்மதி விடுதலையானாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏஜென்சி வண்டி மறுபடி தோட்டத்துக்கு வந்தது. செல்வராணி குடத்தைத் தள்ளி வைப்பதை நிறுத்தினாள், அவ்வளவுதான்.

சம்யுக்தா வால்பாறை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை பிடித்துக்கொண்டாள். ஊரில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தாள். காலையும் மாலையும் ஜீப்பில் குழந்தையைக் கொண்டு வருவாள். வளர்மதி சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு குழந்தைகளையும் வாசல்படியில் உட்கார வைத்து, ஒரே தட்டில் பிசைந்து, மென்று, மாற்றி மாற்றி ஊட்டினாள். எல்லார் கண் முன்னாலும் ஊட்டினாள், இன்னொரு தரம் யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதற்காக. சம்யுக்தா எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பாள். மழை பெய்தால் குடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். வளர்மதி அவளை உள்ளே கூப்பிட்டதில்லை. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. ஊட்டி முடிந்ததும், மென்று வைத்த சோற்றில் மிச்சம் இருக்கும் தட்டை ஆதவின் முன்னாலேயே வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

ஞானமுத்து ஒருநாள் கேட்டான். அவள்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாளே, இன்னும் எதற்கு இந்த வீறாப்பு என்றான்.

"அவ புள்ளைக்காக வந்தா" என்றாள் வளர்மதி. "எனக்காகவா வந்தா?"

ஆதவுக்கு மூன்று வயது நெருங்கியபோது அரசு மருத்துவமனையில் சோதனை நடந்தது. சோதித்த நர்ஸ் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள், வெளியூர்க்காரி, இந்தக் கதை எதுவும் தெரியாதவள். விதிப்படி குழந்தைகளோடு வந்திருந்த பெரியவர்களையும் ஊதச் சொன்னாள். கருவி ஓடி நிற்கும்வரை எல்லாரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வளர்மதி ஒரு முனையில், சம்யுக்தா மறு முனையில். நடுவில் குழந்தைகள் இரண்டும் ஒன்றின் சட்டையை மற்றொன்று இழுத்து விளையாடிக்கொண்டிருந்தன.

நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்தாள். குழந்தைகளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது, இனி ஊசி அண்டாது என்றாள். சம்யுக்தா முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்த அக்காவுக்கும்தான்" என்று நர்ஸ் அவளைக் காட்டினாள். "நாலு பேருக்கும் அதே வகை, அச்சு மாறல. பெரியவங்களுக்கு இவ்வளவு லேசாப் பிடிக்காது. ஒரே அம்மா கையில சாப்பிட்டு வளந்தவங்களுக்குத்தான் இப்படி இருக்கும். நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

சம்யுக்தாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. தினமும் அந்தக் கல்லில் உட்கார்ந்து, குழந்தை மிச்சம் வைத்த சோற்றை வீணாக்காமல் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தது அவள்தான். பெற்றவர்கள் எல்லாரும் செய்வதுபோல, யோசிக்காமல் செய்தாள். அந்தச் சோறு யார் மென்றது என்ற நினைப்பு எந்த நாளில் தன்னைவிட்டுப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் வளர்மதியின் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

வளர்மதி எழுந்து தூயாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"இல்லீங்க சிஸ்டர்" என்றாள். "பையனுக்குத்தான் குடுத்தேன். இவங்களுக்கு நான் குடுக்கல."

வெளியே தூறல் இருந்தது. சம்யுக்தாவும் ஆதவும் ஏறிய ஜீப் பக்கத்தில் வந்து வேகம் குறைந்தபோது வளர்மதி திரும்பிப் பார்க்கவில்லை. அது கடந்துபோகட்டும் என்று சாலை ஓரமாக ஒதுங்கி நின்றாள்.